அமெரிக்கப் பள்ளிகளில் துப்பாக்கியும் காவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் பதினோரு வருடமாக இருக்கிறோம். பெரியவள் ஏழாவது, சின்னவன் இரண்டாவது படிக்கிறார்கள். அமெரிக்காவில் எந்த மூலையில் பள்ளிக்கூடத்துத் துப்பாக்கிச் சூடு நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் மதுரையிலிருந்து போன் வந்துவிடும். அப்புறம் இங்கே புதிதாக வந்த குடும்பங்கள், அப்புறம் வாட்ஸ்அப் குழு. எல்லோருக்கும் அதே பதிலை வாய்ஸ் நோட்டில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அங்கே கடையில காய்கறி வாங்குற மாதிரி துப்பாக்கி வாங்கலாமாமே, நிஜமா?

கிட்டத்தட்ட. எங்கள் பக்கத்து விளையாட்டுச் சாமான் கடையில் தூண்டில் வரிசையைத் தாண்டினால் வேட்டைத் துப்பாக்கிகள் வரிசையாகச் சாத்தி வைத்திருக்கும். லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் என்றால் அடையாள அட்டை காட்டிப் படிவம் நிரப்ப வேண்டும். அவர் எஃப்.பி.ஐ. நடத்தும் தகவல் தளத்தில் உங்கள் பெயரைச் சரிபார்ப்பார். இதைத்தான் பேக்ரவுண்ட் செக் என்கிறார்கள். 1993-இல் வந்த பிரேடி சட்டத்தின்படி அமைத்தது, இப்போதுள்ள கணினி முறை 1998-இல் தொடங்கியது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால், மத்திய சட்டப்படி கடைக்காரர் விற்றுவிடலாம்.

வயது விஷயம் பலருக்கும் புதிராக இருக்கும். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆக வேண்டும், ரைபிளுக்கு 18 போதும். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பிரிவு இது. தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் மத்திய சட்டத்தில் இந்தச் சரிபார்ப்பே கிடையாது. சில மாநிலங்கள் அதற்கும் கட்டாயமாக்கியிருக்கின்றன. டெக்சஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

ரெண்டாவது திருத்தம், ரெண்டாவது திருத்தம்னு சொல்றாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்த்த ஒரே ஒரு வாக்கியம். சுதந்திரமான நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான மக்கள் படை தேவை என்பதால், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை மீறக்கூடாது என்பது அதன் சாரம். முதல் பாதி படையைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாம் பாதி மக்களைப் பற்றி. எந்தப் பாதிக்குக் கனம் அதிகம் என்பதில்தான் இருநூறு வருடச் சண்டை.

2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இது படையில் சேராத தனி மனிதருக்கும் உள்ள உரிமை என்று தீர்ப்பளித்தது. 2010-இல் அது மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றார்கள். 2022-இல் ப்ரூயன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தத் துப்பாக்கிச் சட்டமும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றார்கள். ஆனால் ஹெல்லர் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கலியாவே, பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற இடங்களில் ஆயுதத்துக்குத் தடை போடும் சட்டங்களை இந்தத் தீர்ப்பு சந்தேகத்துக்கு உள்ளாக்கவில்லை என்று அதிலேயே எழுதிவைத்தார். உரிமை எல்லையற்றது என்று வாதாடும் எங்கள் ஊர் நண்பர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இத்தனை குழந்தைங்க செத்தும் ஒரு சட்டம் போட முடியலையா? நம்ம ஊர்னா ஒரே ராத்திரில தடை பண்ணியிருப்பாங்க.

நம் ஊரில் தடை பண்ண வேண்டிய அவசியமே வரவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கேட்டு வருகிறவர்தான் தனக்கு ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். இங்கே அடித்தளமே தலைகீழ். உரிமை உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, மறுக்க நினைத்தால் அரசாங்கம்தான் காரணம் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தையே மாற்றலாம் என்றால் காங்கிரஸ் எனும் இங்குள்ள நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு மேல் 50 மாநிலங்களில் 38 ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய அரசியலில் நடக்கிற காரியமா?

சாதாரணச் சட்டத்துக்கே செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 100-இல் 60 பேர் வேண்டும். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டில் சாண்டி ஹுக் ஆரம்பப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஏப்ரலில், துப்பாக்கிக் கண்காட்சி விற்பனைக்கும் இணைய விற்பனைக்கும் பேக்ரவுண்ட் செக்கை விரிக்கும் ஒரு மிதமான மசோதா வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. தோற்றது. பெரும்பான்மை கிடைத்தும் தோற்பது எப்படி என்று என் மாமாவுக்கு விளக்குவதற்குள் சர்வதேச அழைப்பு அட்டையே தீர்ந்துபோனது.

ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் தவறு. 2022 ஜூன் 25 அன்று பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 21 வயதுக்குக் கீழ் வாங்குவோருக்குக் கூடுதல் சரிபார்ப்பு, மாநிலங்களுக்குப் பண உதவி என்று சில விஷயங்கள் அதில் உண்டு. பெரிய துப்பாக்கிச் சட்டம் வந்து கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆகியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன ப்ரூயன் தீர்ப்பு அதற்கு இரண்டே நாள் முன்னால் வந்தது. மாநில அளவிலும் மாற்றங்கள் நடக்கின்றன. ஃபுளோரிடாவில் 2018-இல், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வழக்கமாக எதிர்க்கும் குடியரசுக் கட்சியின் ஆளுநர் ஒருவரே எந்தத் துப்பாக்கி வாங்கவும் 21 வயது என்று சட்டமாக்கினார்.

ஏஆர்-15னா மெஷின் கன்தானே? அதையாவது நிறுத்தலாமே?

மெஷின் கன் விசையை அழுத்திப் பிடித்தால் சுட்டுக்கொண்டே இருக்கும். அது பொதுமக்களுக்கு மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. ஏஆர்-15 ரைபிள் செமி ஆட்டோமேட்டிக், அதாவது ஒரு அழுத்துக்கு ஒரு தோட்டா. ஆனால் அழுத்த அழுத்த வந்துகொண்டே இருக்கும், முப்பது தோட்டா கொள்ளும் மேகசீன் சாதாரணம். பெயரில் உள்ள ஏஆர் என்பது ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. இந்த விவரத்தைத் தப்பாகச் சொன்னால் துப்பாக்கிப் பிரியர்கள் மிச்ச வாதத்தைக் கேட்கவே மாட்டார்கள், அதனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

1994 முதல் 2004 வரை இந்த வகையில் பலவற்றுக்கு நாடு முழுக்கத் தடை இருந்தது. ஏற்கெனவே வாங்கியவை செல்லும் என்று விட்டுவிட்டார்கள். தயாரிப்பாளர்கள் ஓர் உறுப்பை மாற்றி அதே துப்பாக்கியை வேறு பெயரில் விற்றார்கள். பத்து வருடம் கழித்துச் சட்டம் காலாவதியானது, யாரும் புதுப்பிக்கவில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் மட்டும் தனித் தடை உண்டு.

ஸ்கூலுக்கு ஸ்கூல் துப்பாக்கியோட ஒரு போலீஸ்காரரை நிறுத்தினா முடிஞ்சுபோச்சே?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். சாண்டி ஹுக் நடந்து ஒரு வாரத்தில், துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைபிள் சங்கத்தின் அன்றைய தலைமை நிர்வாகி வெய்ன் லாபியர், துப்பாக்கி வைத்திருக்கும் கெட்டவனைத் தடுக்கத் துப்பாக்கி வைத்திருக்கும் நல்லவனால் மட்டுமே முடியும் என்று சொல்லி, எல்லாப் பள்ளிக்கும் ஆயுதக் காவல் கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்ததைப் பார்ப்போம். 1999 ஏப்ரல் 20, கொலராடோவின் கொலம்பைன்: பள்ளியில் ஆயுதத்தோடு துணை ஷெரிஃப், அதாவது உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி ஒருவர் இருந்தார், சுட்டார், படவில்லை. 2018 பிப்ரவரி 14, ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட்: பள்ளிக்கென்றே நியமித்த ஷெரிஃப் அதிகாரி கட்டடத்துக்குள் போகவே இல்லை, 17 பேர் இறந்தார்கள். அவர் மேல் வழக்குப் போட்டார்கள். 2023-இல் ஜூரி விடுவித்துவிட்டது. அதே 2018 மே மாதம் டெக்சஸின் சாண்டா ஃபே: பள்ளிப் போலீசார் மோதினார்கள், அவர்களில் ஒருவருக்குப் படுகாயம், இறந்தவர்கள் 10 பேர்.

நேர்மையாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். அதே மே மாதம் இல்லினாயின் டிக்ஸன் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கியோடு வந்த முன்னாள் மாணவனைப் பள்ளிக் காவல் அதிகாரி துரத்திச் சுட்டுப் பிடித்தார். வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. 2024 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியாவின் அப்பலாச்சி பள்ளியில், ஆசிரியர்கள் கழுத்து அட்டையில் இருந்த அபாயப் பொத்தானை அழுத்த, பள்ளிக் காவல் அதிகாரி எதிரே வந்ததும் 14 வயதுப் பையன் சரணடைந்தான். அதற்குள் நான்கு பேர் போய்விட்டார்கள். காவலர் இல்லாவிட்டால் எத்தனை பேரோ. ஆக, காவலர் சில நேரம் சாவைக் குறைக்கிறார். ஆனால் அவருக்கு வேலை வரும்போது துப்பாக்கி ஏற்கெனவே பள்ளிக்குள் வந்துவிட்டது.

1980 முதல் 2019 வரையிலான 133 சம்பவங்களை அலசி 2021-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்களில் ஒன்றில் வந்த ஆய்வு, ஆயுதக் காவலர் இருந்த இடங்களில் சாவு விகிதம் 2.83 மடங்கு அதிகமாக இருந்தது என்றது. இதை வைத்துக் காவலர்தான் காரணம் என்று பாய்ந்துவிடாதீர்கள், ஆபத்து அதிகமுள்ள பள்ளியில் காவலரும் இருப்பார். அந்த ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சுட்டினார்கள்: சுட வருகிற பலர் சாகத் துணிந்தே வருகிறார்கள். திரும்பிச் சுடுவார்கள் என்ற பயம் அப்படிப்பட்டவனை எப்படித் தடுக்கும்?

யுவால்டியில நானூறு போலீஸ் வெளியில நின்னாங்களாமே?

376 பேர் என்று டெக்சஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கை கணக்குச் சொல்கிறது. எல்லோரும் வெளியில் நிற்கவில்லை, பலர் உள்ளே நடைபாதையிலேயே நின்றார்கள். அது இன்னும் மோசம். 2022 மே 24, டெக்சஸ் ஊரான யுவால்டியின் ராப் ஆரம்பப் பள்ளி, அடுத்தடுத்த இரண்டு வகுப்பறைகள். போலீஸ் முதலில் வந்ததற்கும் கதவைத் திறந்து உள்ளே போனதற்கும் இடையில் 77 நிமிடம். உள்ளேயிருந்து ஒரு குழந்தை 911 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்துகொண்டிருந்தது. 19 குழந்தைகள், 2 ஆசிரியர்கள் இறந்தார்கள். சுட்டவன் 18 வயது முடிந்த சில நாளில் கடையில் முறைப்படி இரண்டு ரைபிள் வாங்கியிருந்தான். முதல் கேள்வியில் சொன்ன அந்த 18 வயதுதான்.

டெக்சஸ் எடுத்த பாடம் 2023-இல் வந்த சட்டம்: ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஆயுதம் ஏந்திய ஒருவர் கட்டாயம். அதற்கு அப்போது ஒதுக்கிய பணம் வளாகத்துக்கு ஆண்டுக்கு 15,000 டாலர், மாணவருக்கு 10 டாலர். ஒரு காவலரின் சம்பளத்தில் இது எத்தனை பங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காத பள்ளி மாவட்டங்கள் விலக்குக் கேட்டு, பயிற்சி பெற்ற ஊழியர்களை வைத்துச் சமாளிக்கலாம் என்றும் வழி வைத்தார்கள். எங்கள் சின்னவன் பள்ளியில் ஓர் அதிகாரி இருக்கிறார். காலையில் கார் வரிசையில் நின்று எல்லாக் குழந்தைக்கும் கை தட்டிக் கொடுப்பார். பையனுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். எனக்கும்தான். இதனால் மேலே எழுதியதை மாற்ற மாட்டேன்.

அப்போ டீச்சர் கையிலயே ஒண்ணு குடுத்துடலாமே? அவங்கதான் எப்பவும் கூடவே இருக்காங்க.

பல மாநிலங்கள் இதை அனுமதிக்கின்றன. வித்தியாசம் பயிற்சியில். ஃபுளோரிடாவில் 144 மணி நேரம். ஒஹாயோவில் 700 மணி நேரத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்ததை 2022-இல் அதிகபட்சம் 24 மணி நேரம் என்று குறைத்தார்கள். மூன்று நாள் வேலை நேரம். பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களுக்கே பதற்றத்தில் குறி தவறும்போது, நாற்பது குழந்தைகள் கத்தி ஓடும் வராந்தாவில் கணக்கு டீச்சர் என்ன செய்வார்? சத்தம் கேட்டு ஓடிவரும் போலீசுக்கு, கையில் துப்பாக்கியோடு நிற்பவர் டீச்சரா கொலையாளியா என்று எப்படித் தெரியும்?

அதைவிட அன்றாடச் சிக்கல், அந்தத் துப்பாக்கி வருடம் முழுக்க எங்கே இருக்கும் என்பது. 2014-இல் யூட்டாவில் ஒரு ஆசிரியை பள்ளிக் கழிவறையில் இருக்கும்போது கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்து, பீங்கான் சிதறி அவர் காலிலேயே பாய்ந்தது. 2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ரிசர்வ் போலீஸ் அதிகாரியாகவும் இருந்த ஆசிரியர் ஒருவர் பாதுகாப்புப் பாடம் எடுக்கும்போதே மேற்கூரையைச் சுட்டுவிட்டார். பாகிஸ்தானில் 2014 டிசம்பர் பெஷாவர் பள்ளித் தாக்குதலுக்குப் பிறகு அந்த ஊர் இருக்கும் கைபர் பக்துன்க்வா மாகாணத்தில் ஆசிரியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்வாத்தில் ஓர் ஆசிரியரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து மாணவன் ஒருவன் இறந்துபோனான்.

இஸ்ரேல்ல வாசல்லயே துப்பாக்கியோட காவலர் நிக்கிறாரே, அங்க இப்படி நடக்கலையே?

அந்தக் காவல் வெளியிலிருந்து வருகிறவனைத் தடுக்க. அமெரிக்காவில் பெரும்பாலும் சுடுகிறவன் அதே பள்ளியில் படிக்கிறவன், அல்லது சமீபம்வரை படித்தவன். புத்தகப் பையோடு காவலருக்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டு உள்ளே போவான்.

இந்தப் பசங்களுக்குத் துப்பாக்கி எங்கேருந்துதான் கிடைக்குது?

வீட்டிலிருந்து. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அமெரிக்க ரகசியச் சேவைத் துறை 2019-இல் வெளியிட்ட பள்ளித் தாக்குதல் ஆய்வில், துப்பாக்கியால் தாக்கியவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து அதை எடுத்திருந்தார்கள். சாண்டி ஹுக்கில் அம்மாவின் துப்பாக்கிகள். சாண்டா ஃபேயில் அப்பாவுடையவை. 2023 ஜனவரியில் வர்ஜினியாவின் நியூபோர்ட் நியூஸில் ஆறு வயதுப் பையன் வகுப்பு டீச்சரைச் சுட்டான், அது அம்மாவின் கைத்துப்பாக்கி. ஆறு வயது!

மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளி வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2021 நவம்பர் கடைசி வாரம், நன்றி நவிலல் விடுமுறைக்கு மறுநாள் தள்ளுபடி நாளில் அப்பா 15 வயது மகனோடு போய்க் கைத்துப்பாக்கி வாங்கினார். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் பையன் போனில் தோட்டா தேடியதை ஒரு டீச்சர் பார்த்தார். பள்ளி அம்மாவுக்குத் தகவல் விட்டது. அம்மா மகனுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று சிரித்துக்கொண்டே சொல்வது போல இருந்தது. செவ்வாய் காலை கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தமுமாக அவன் வரைந்த படம் சிக்கியது. பெற்றோரை வரவழைத்தார்கள். ஆலோசகர் அறையில் பையன், அப்பா, அம்மா எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போக மறுத்துவிட்டுப் பெற்றோர் வேலைக்குத் திரும்பினார்கள். சில மணி நேரத்தில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பெற்றோர் இருவரையும் தனித்தனி ஜூரிகள் குற்றவாளி என்றன. 2024 ஏப்ரலில் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை. பள்ளியில் பிள்ளை நடத்திய படுகொலைக்காகப் பெற்றோர் கொலைக் குற்றத்தின் ஒரு வகையில் தண்டனை பெற்றது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

அந்த அறையில் குறைந்திருந்தது ஆயுதக் காவலரா? காவலர் வேண்டும் வேண்டாம் என்று டிவியில் சண்டை போடுகிறவர்களிடம் எனக்குள்ள ஒரே கேள்வி அது. முந்நூறு டாலர் பெட்டகமும் அதன் சாவியைப் பையனிடம் கொடுக்காத அப்பாவும் இருந்திருந்தால் போதும்.

மனநோய்தான் காரணம், துப்பாக்கியைக் குறை சொல்லாதீங்கன்னு ஒருத்தர் சொன்னார்.

மனநோய் ஜப்பானிலும் உண்டு, மன்னார்குடியிலும் உண்டு. இந்த அளவுக்குப் பள்ளிச் சூடு அங்கே இல்லை. ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தாக்குகிறவர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே யாரிடமாவது சொல்லியிருப்பார்கள், எழுதியிருப்பார்கள், ஆக்ஸ்ஃபோர்ட் பையனைப் போல வரைந்திருப்பார்கள். ஆபத்தானவர் என்று குடும்பத்தாரோ போலீசோ நீதிமன்றத்தில் காட்டினால் தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்து வைக்கும் சட்டம் சுமார் இருபது மாநிலங்களில் இருக்கிறது. ரெட் ஃப்ளாக் சட்டம் என்பார்கள். கனெக்டிகட் 1999-இலேயே கொண்டுவந்தது, ஃபுளோரிடா பார்க்லேண்டுக்குப் பிறகு. விசாரணைக்கு முன்னால் ஒருவர் உரிமையைப் பறிப்பது சரியா என்று எதிர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். அற்பமான கேள்வி என்று தள்ளிவிட முடியாது. டெக்சஸில் அந்தச் சட்டம் இல்லை.

ஆஸ்திரேலியா மாதிரி எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டா?

1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் இறந்த பிறகு ஆஸ்திரேலியா சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைப் பணம் கொடுத்து வாங்கி அழித்தது. அதே வருடம் ஸ்காட்லாந்தின் டன்ப்ளேனில் 16 குழந்தைகளும் ஆசிரியையும் கொல்லப்பட, பிரிட்டன் அடுத்த ஆண்டு கைத்துப்பாக்கியையே ஏறக்குறைய முழுதாகத் தடை செய்தது. அமெரிக்கப் பொதுமக்களிடம் 2017 கணக்கில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருந்தன, ஆள்தொகையைவிட அதிகம். எண்ணிக்கை ஒரு தடை, இரண்டாவது திருத்தம் இன்னொரு தடை.

துப்பாக்கி வச்சிருக்கவங்க எல்லாம் பைத்தியமா?

என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் வருடா வருடம் மான் வேட்டைக்குப் போவார். அவர் வளர்ந்த பண்ணையில் போலீசைக் கூப்பிட்டால் வந்து சேர நாற்பது நிமிடம். பாம்பு, காட்டுப்பன்றி எல்லாம் தினசரி. துப்பாக்கி அவருக்கு நம் ஊரில் அரிவாள் மாதிரி ஒரு சாமான். தோட்டா ஒரு பெட்டகத்தில், துப்பாக்கி இன்னொன்றில். ஆக்ஸ்ஃபோர்ட் பெற்றோரைப் பற்றி என்னைவிட அவருக்குக் கோபம் அதிகம். இவரைப் போன்றவர்களை எதிரியாக்கிவிட்டு இங்கே ஒரு சட்டமும் நிறைவேறாது.

இவ்ளோ நடக்குதே, பிள்ளைகளைக் கூட்டிட்டு ஊருக்கே வந்துடலாமே?

சித்தி, அரசுப் பள்ளிகளில் மட்டும் சுமார் ஐந்து கோடிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கொலையாகும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் பள்ளியிலோ போகும் வழியிலோ இறப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. அதே சமயம், 2020-இலிருந்து இந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி, சாலை விபத்தையும் தாண்டிவிட்டது. இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டிலும் தெருவிலும் நடப்பதுதான் அதிகம், அதில் தற்கொலையும் கணிசம். செய்தியில் வராததால் போன் வருவதில்லை.

லாக்டவுன் டிரில்னா என்ன? குழந்தை பயந்துக்காதா?

எங்கள் பள்ளி மாவட்டத்தில் மூன்று வார்த்தைகளைப் பெற்றோர் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஹோல்ட்’ என்றால் வராந்தாவைக் காலியாக வை, யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். ‘செக்யூர்’ என்றால் ஆபத்து வெளியே, வாசல் கதவு பூட்டு, பாடம் நடக்கட்டும். ‘லாக்டவுன்’ மட்டும்தான் ஆபத்து உள்ளே: கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாதே. ஒருமுறை பள்ளியிலிருந்து ‘செக்யூர்’ என்று குறுஞ்செய்தி வந்தபோது எனக்கு வித்தியாசம் தெரியாது. மீட்டிங்கிலிருந்து எழுந்து காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்துத் தெருவில் ஏதோ திருட்டாம். போலீஸ்காரர் ரொம்ப மரியாதையாக என்னைத் திருப்பி அனுப்பினார். அப்படி ஓடிப்போவது ஆம்புலன்சுக்கு வழியை அடைக்கும், செய்யாதீர்கள்.

பயம் வருமா என்றால், ஆளைப் பொறுத்தது. சின்னவன் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னான்: புத்தக அலமாரிக்குப் பின்னால் பத்தொன்பது பேர் உட்கார்ந்தோம், ஒருத்தனுக்கு விக்கல் வந்துவிட்டது, டீச்சர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார், அப்பா இன்னும் கொஞ்சம் ரசம். எனக்குத்தான் அதற்கு மேல் இறங்கவில்லை.

எச்1பியில இருக்கோம். பாதுகாப்புக்கு ஒண்ணு வாங்கி வச்சுக்கலாமா?

பொதுவாகக் கூடாது. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பர்களோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் ஒரு முறை சுட்டுப் பார்ப்பதுகூட இந்தச் சட்டத்துக்குள் வரும், போட்டோவை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன் யோசியுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. எதுவானாலும் குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

பையன் ஃப்ரெண்டு வீட்டுக்கு விளையாடப் போறான். அங்க துப்பாக்கி இருக்கான்னு எப்படிக் கேக்கறது? தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?

நானும் முதல் வருடம் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை. இப்போது வேர்க்கடலை அலர்ஜியைச் சொல்லும்போது கூடவே கேட்டுவிடுகிறேன்: “இவனுக்குக் கடலை ஆகாது, வீட்டில் நாய் உண்டா, துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்?” ஒரே மூச்சில், அதே குரலில். இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் உரிமைப் பேச்சாகிவிடும், பூட்டியிருக்கிறதா என்று கேட்டால் பிள்ளைப் பேச்சு. டெக்சஸில் 17 வயதுக்குக் கீழுள்ளவர் கையில் கிடைக்கும்படி விட்டு வைப்பது குற்றம் என்று சட்டமே இருப்பதால் கேள்வி யாருக்கும் புதிதும் இல்லை.

இதுவரை பத்துப் பதினைந்து வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒருவர் முகம் சுளித்தார், அங்கே அனுப்பவில்லை, அந்தப் பையனை எங்கள் வீட்டுக்கு வரவழைத்துவிட்டோம். இன்னொரு வீட்டில் அந்த அம்மா பதிலே சொல்லாமல் என்னை மாடிக்குக் கூட்டிப்போய், துணி அலமாரியைத் திறந்து, பெட்டகத்தின் கைப்பிடியைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துக் காட்டினார். பிறகு இறங்கி வந்து, “உங்கள் வீட்டில்?” என்று கேட்டார்.